சாமி ஒன்றும் சொல்லவில்லை

ஆமாம், தோற்றவள்தான். நீ வியாழக்கிழமை போனில் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, வேதா. "தோத்துட்டு வந்து ஊட்ல குந்திக்கினவ நீ. எந்த மூஞ்ச வெச்சிக்கினு என்னைப் போயி ஆடு ஆடுன்ற?" என்றாய். கேட்டுவிட்டு நீயே பயந்து போனை வைத்துவிட்டாய். எஸ்.டி.டி. பூத் பையன் பில்லை நீட்டும்வரை நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கோபம் வரவில்லை. இத்தனை வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த கேள்வி போல இருந்தது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். என்னிடம் வேறு மூஞ்சி இல்லை. ஜெயித்தவர்கள் மட்டும்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்றால் இந்த ஊரில் யாருமே வாயைத் திறக்க முடியாது. இதை உன்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கும் படித்துக் காட்டு. மறைக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை. மறைத்து வைத்திருந்தது மட்டும்தான் இருக்கிறது.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறும் திங்களும் திருப்பதியில் மாவட்ட ஜூனியர் கோ-கோ அணிக்குத் தேர்வு. உனக்கு இதுதான் கடைசி. அடுத்த வருஷம் ஜூனியர் வயது தாண்டிவிடும். அதே திங்கட்கிழமை விடியற்காலையில் நம் ஊர் முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் நீ ஏற வேண்டும் என்று உன் நைனா ஏற்பாடு செய்திருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், செல்போன் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற கம்பெனி. தேர்வுக்குப் போனால் வயதுக்கு அத்தாட்சியாகப் பத்தாவது ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். அது கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டிடம் இருக்கிறது. "சர்டிபிகேட்டே இல்ல. இன்னாத்த வெச்சி ஆடறது? விட்டுடும்மா" என்றாய். கோபமாகச் சொன்னதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்குக் கேட்டது வேறு. உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. மூன்று முறை ஒதுக்கப்பட்டவளுக்கு நான்காவது முறை போகாமல் இருக்க நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதி. அந்தக் குரலை எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் அது என் தொண்டையிலிருந்து வந்தது.

மாவட்ட அணிக்கு என்னை ஏன் எடுக்கவில்லை என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். "அன்னிக்கி ஜுரம்" என்று சொல்லியிருக்கிறேன். ஜுரம் இல்லை. எங்கள் அணியில் ஒன்பது பேரும் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கூலிக்காரர்கள் வீட்டுப் பெண்கள். கோடு போடச் சுண்ணாம்பு கிடையாது, செங்கல் சூளைச் சாம்பலால் கோடு. இரண்டு முனையிலும் சவுக்குக் கம்பம். முனிரத்தினம் சார்தான் விளையாட்டு வாத்தியார். தெலுங்கில் திட்டுவார், தமிழில் சிரிப்பார். அந்த வருஷம் சுற்றுவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் தோற்கடித்தோம். திருப்பதியில் மாவட்டத் தேர்வு. எனக்குக் கால் வேகம் பெரிதாகக் கிடையாது. என்னுடைய வித்தை உட்கார்ந்து எழுவதில் இருந்தது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கோ-கோவில் துரத்துகிறவர்களில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி மட்டும் ஓடுவாள். ஓடுகிறவள் யார் முதுகிலாவது தட்டி "கோ" என்று கத்தினால் தட்டு வாங்கியவள் எழுந்து துரத்த வேண்டும், தட்டியவள் அவள் இடத்தில் குந்த வேண்டும். நான் கை பட்டதும் எழுந்துவிடுவேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால். "இவளுக்குக் காது முதுகில இருக்குது" என்பார் சார்.

என் நைனா வேண்டிக்கொண்டார். பொண்ணு மாவட்டத்துக்கு ஆடினால் அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலை உச்சிவரை ஒவ்வொரு படிக்கும் அவளே மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள் என்று. வேண்டுதல் நிறைவேறிய பிறகு செய்வதுதானே வழக்கம். ஆனால் அது வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். மேஸ்திரி மூன்று நாள்தான் விட்டார். இன்னொரு முறை திருப்பதிக்கு வர முடியாது. நைனா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "எப்படியும் போறம். மொதநாளே படியை முடிச்சிடலாம் பாப்பா. மறுநாள் நீ ஆடு. சாமிக்கு அட்வான்ஸு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சாரிடம் சொல்லவில்லை. மற்ற எட்டுப் பேரும் சாரோடு மறுநாள் காலை வருவதாக இருந்தது. நானும் நைனாவும் ஒரு நாள் முன்னால் பஸ் ஏறினோம். கிண்ணத்தில் கரைத்த மஞ்சள், பொட்டலத்தில் குங்குமம். இருட்டு பிரியும்போது முதல் படியில் குனிந்தேன்.

மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி. குனி, மூன்று விரலால் மஞ்சள் இழு, குங்குமம் வை, நிமிர், ஏறு. குனி. நைனா பின்னால் தண்ணீர்ச் செம்போடு வந்தார். பாதி தூரத்தில் அவரே, "ஒன்னு உட்டு ஒன்னு வைம்மா, சாமி கோச்சிக்க மாட்டாரு" என்றார். நான் கேட்கவில்லை. இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வழியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு தெலுங்கு அம்மாள் தன் மருமகளிடம், "சூடவே, ஈ பில்லகி எந்த ஓப்பிகோ!" என்றாள். பார், இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை என்று. அந்த மருமகள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு படிகூட விடவில்லை. முழங்கால் மெட்டு என்கிற செங்குத்தான இடத்தில் நிற்கவே முடியாமல், குந்திக் குந்தி ஏறினேன். மேலே போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலோ பின்னாலோ அத்தனை பேர் என்னைப் புகழ்ந்ததில்லை. எதற்கு என்று நினைத்துப் பார். குனிந்ததற்கு.

மறுநாள் காலையில் சத்திரத்தில் கக்கூசில் குந்த முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தொடை இரண்டும் கல். மைதானத்துக்குப் போனதும் நடையைப் பார்த்துவிட்டுக் கஸ்தூரி கேட்டாள், "இன்னாடி, புள்ள பெத்தவ மாதிரி நடக்கற?" அவள்தான் எங்கள் அணியில் வேகமாக ஓடுகிறவள். ஒன்றுமில்லை என்றேன். ஆட்டம் தொடங்கியது. எட்டுப் பேரில் நான்காவதாகக் குந்தினேன். எப்படிக் குந்தினேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். எதிரணிப் பெண் பாம்பு மாதிரி எங்களுக்குள் வளைந்து வளைந்து வந்தாள். கஸ்தூரி அவளை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து என் முதுகில் அறைந்தாள். "கோ!" கை பட்டது. முதுகு கேட்டது. கால் கேட்கவில்லை. தரையில் கையை ஊன்றி நான் எழுவதற்குள் அந்தப் பெண் என் முழங்காலை உரசிக்கொண்டு தாண்டிப் போனாள். கையை நீட்டினாலே பட்டிருக்கும். இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை கஸ்தூரி தட்டிவிட்டு, "எழுந்திருடி பொணமே!" என்று கத்தினாள். மைதானமே சிரித்தது. சார் என்னை வெளியே கூப்பிட்டுவிட்டு வேறு பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியை அனுப்பினார். கஸ்தூரியை மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். "ஏமாயிந்தம்மா, என்ன ஆச்சு?" என்று சார் கேட்டார். ஜுரம் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பி வரும்போது புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நைனா பலாச்சுளை வாங்கிக் கொடுத்தார். "துன்னு பாப்பா." நான் தின்னவில்லை. சுளையை என் மடியில் வைத்துவிட்டு, "சாமிக்கு இஷ்டமில்ல போல, விடு" என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிஷம் எனக்குள் என்னவோ கழன்று விழுந்தது. அப்பாடா. இனி நான் யோசிக்க வேண்டாம். என் தப்பு இல்லை, நைனா தப்பு இல்லை, தொடையின் தப்பும் இல்லை. மேலே ஒருத்தர் முடிவு செய்துவிட்டார். அந்தச் சுளையை எடுத்துத் தின்றேன். இனிப்பாக இருந்தது. என் தோல்வி திருப்பதி மைதானத்தில் நடந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை வேதா. அது புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. பலாச்சுளை தின்றுகொண்டிருந்தபோது.

ஏனென்றால் இன்னொரு தேர்வு வந்தது. ஆறு மாதம் கழித்து, சித்தூரில், கிராமப்புறப் பிள்ளைகளுக்கென்று. முனிரத்தினம் சார் சைக்கிளில் வீடு தேடி வந்தார். நான் உள்ளே போய் நெற்குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நைனா வயலுக்குப் போயிருந்தார். உன் மாமன் அப்போது சின்னப் பையன். நான் சொல்லிக்கொடுத்ததை வாசலில் போய் ஒப்பித்தான். "சாமி வேணாம்னு சொல்ட்ச்சாம் சார். அக்கா வராதாம்." சார் சிரிப்பாரென்று நினைத்தேன். வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினார். "தேவுடு செப்பினாடா? சாமி எப்போ சொன்னாரும்மா? எந்தத் தபால்ல வந்துச்சு? எனக்கும் காட்டு, நானும் படிக்கறேன்!" நான் குதிரோடு ஒட்டி நின்றேன். "முதுகுல காது இருக்குதுன்னு சொன்னேனே, இப்ப எங்க போச்சு அந்தக் காது?" என்றார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்விட்டார். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் நீ.

சாமி ஒன்றும் சொல்லவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள்தான், இன்றைக்கும் வேதநாராயணர் கோயில் வழியாகப் போனால் செருப்பைக் கழற்றுகிறேன். ஆனால் அவர் பெயரில் நான் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டேன். முந்தின நாள் முழுக்கக் குந்தி எழுந்தவளால் மறுநாள் குந்தி எழ முடியாது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாள் ஓய்வெடுத்துப் போயிருந்தால் நடந்திருக்காது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. என் நைனாவுக்கு அவ்வளவு ஆகவில்லை. பட்டா கிடைத்த அரை ஏக்கரில் மாங்கன்று வைத்தபோது நானும் குழி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார், "அன்னிக்கி மேஸ்திரிகிட்ட நாலு நாள் கேட்டிருக்கணும். நான் வாயைத் தொறக்கல." இரண்டு பேரும் அடுத்த குழிக்குப் போனோம். அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் சாமியை இழுத்தது என்னைச் சமாதானப்படுத்த. நான் அதை ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன் என்று அவர் நினைக்கவில்லை.

திருப்பதியில் உன் ஹாஸ்டல் சுவரில் விடாமுயற்சி என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வந்தபோது பார்த்தேன். எனக்கு அந்த வார்த்தையோடு பழைய சண்டை இருக்கிறது. படிகளில் நான் விட்டேனா? ஒன்றைக்கூட விடவில்லை. என் அளவுக்கு விடாமல் குனிந்தவள் அன்றைக்கு அந்த மலையில் யாரும் இல்லை. அந்த விடாமுயற்சிதான் என்னை எழ முடியாமல் பண்ணியது. ஆகவே யாராவது உன்னிடம் விடாதே என்று சொன்னால் எதை என்று கேள். யாருக்காக என்றும் கேள். பொறுத்துக்கொள்கிற பெண்ணைப் பார்த்தால் ஊர் நின்று கைதட்டும். துரத்துகிற பெண்ணைப் பார்த்தால் சிரிக்கும். நீ வயிற்றில் இருக்கும்போது விட்டுப்போன இன்டரை, அதாவது பன்னிரண்டாவதை, நீ பிறந்த பிறகு முடித்தேன். தபால் வழியிலேயே எம்.ஏ. தமிழ் வரை எழுதினேன். இலக்கணத் தாளில் இரண்டு முறை பெயில். எந்த ஓப்பிக, என்ன பொறுமை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. "புள்ளய தூக்கிக்கினு பரீட்சைக்குப் போவுது பாரு, கலெக்டரம்மா" என்று உன் அத்தை எல்லார் முன்னாலும் சொன்னாள். மூன்றாவது முறை பாஸ் பண்ணினேன். பரீட்சை எழுதிய பள்ளிக்கூட வாசலில் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்த உன் நைனாவையும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஒரு மில் மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது கம்பெனி சொல்லாமலே மூடியது. இப்போது சென்னையில் வாட்ச்மேன். கதவு திறந்திருக்கும்போதே உன்னை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று துடிக்கிறார். "கோ-கோ ஆடி எவ சோறு துன்னுக்கினு இருக்கறா?" என்று கேட்கிறார். நம் ஊரில் யாரும் இல்லை. கஸ்தூரிகூட இப்போது பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கிறாள்.

கம்பெனியை நான் குறைவாகப் பேசவில்லை. சூளையில் செங்கல் அறுத்தவர்களின் மகள்கள் ஷூ போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, நாலரை மணி பஸ்ஸில் ஏறுகிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நீயும் ஏறுவாய் என்றால் ஏறு. ஆனால் ஏஜெண்ட் ஒவ்வொரு மாதமும் ஆள் எடுக்கிறான். உன் பதினெட்டு வயது ஒவ்வொரு மாதமும் வராது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உன் சர்டிபிகேட்டை உன் நைனா எடுத்துக் கொடுத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தது நான். "இந்தாமே, அந்த ஒரிஜினலு எங்க?" என்று கேட்டார். தேர்வுத் தேதி எனக்குத் தெரியும். இது இல்லாமல் நீ ஆட முடியாது என்றும் தெரியும். எடுத்தேன், தூசி தட்டினேன், கொடுத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தபோது மறுபடியும் அந்த அப்பாடா வந்தது. முடிவாகிவிட்டது. இனி நீ தோற்பதை நான் பார்க்க வேண்டாம். போன வருஷம் சித்தூரில் கடைசி நிமிஷத்தில் கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று உன் மேல் ஃபவுல் கொடுத்து உன்னை ஒதுக்கினார்களே, அன்றைக்கு நீ வெளியே வந்து தேடியபோது நான் இல்லை. தண்ணீர் டேங்க் பின்னால் நின்றிருந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நெற்குதிருக்குப் பின்னால் நின்ற அதே பெண், வயது மட்டும் கூடியிருக்கிறது. உனக்குக் கோபம் வர வேண்டியது என் மேல்தான். அவர் மேல் இல்லை.

உன் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். நீ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாய்கிறாய், முழங்கை தோல் போகிறது, அதை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டுக் குந்துகிறாய். நீ என்னைவிட வேகம். என்னைவிட அவசரம். ஒதுக்கப்பட்ட மூன்று முறையில் முதல் முறை நீ சரியாக ஆடவில்லை. இரண்டாம் முறை சரியாக ஆடினாய். டவுன் பிள்ளைகளை எடுத்தார்கள், அது அநியாயம். மூன்றாம் முறை நிஜமாகவே கோட்டைத் தாண்டினாய். நான் டேங்க் பின்னாலிருந்து பார்த்தேன், சாக்குச் சொல்லாதே. மூன்றையும் சேர்த்து ராசி இல்லை என்று ஒரே மூட்டையாகக் கட்டாதே. தனித்தனியாகப் பிரித்துப் பார். ஒன்று உன்னுடையது, ஒன்று அவர்களுடையது, ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண். ஒரு சாணைச் சரி பண்ணலாம். அநியாயத்தைப் பார்த்துக் கத்தலாம். ராசியை என்ன செய்ய முடியும்? கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளத்தான் முடியும்.

நீ ஜெயிப்பாய் என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரிக் கடிதம் எழுத எனக்குத் தெரியாது. நாலாவது முறையும் ஒதுக்கலாம். ஒதுக்கினால் ஒதுக்கப்பட்டவளாக நிமிர்ந்து வெளியே வா. எல்லார் முன்னாலும் அழு. என்னைத் திட்டு. யாராவது சாமியை இழுத்தால், ஏஜெண்டை இழுத்தால், நைனாவை, என்னை இழுத்தால், ஒப்புக்கொள்ளாதே. ஆட்டத்தை விட வேண்டும் என்று உனக்கே தோன்றினால் விடு. நல்ல வெயிலில், முழுத் தெம்பில், "எனக்கு வேணாம்" என்று உன் வாயால் சொல்லி விடு. அதற்கும் நான் உன் பக்கம் நிற்பேன். ஆனால் ஒரு காகிதம் இல்லை என்பதற்காக விடாதே. அந்த நிம்மதியை வாங்கிக்கொள்ளாதே. நான் வாங்கி வைத்திருந்தேன், இருபது வருஷம். அது நிம்மதி இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே தொடை இறுகிப்போவது.

மேலே இருப்பதைக் காலை எட்டரைக்கு எழுதி முடித்தேன். நான் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, சத்தியவேட்டில் ஏஜெண்ட் பாபு வீட்டுக்குப் போனேன். பாபு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒரு வாட்டி குடுத்தா குடுத்ததுதான். லிஸ்ட்டு போயிட்ச்சி. இப்ப பேரை எடுத்தா மறுபடி சீட்டு கெடைக்குமான்னு சொல்ல முடியாது" என்றான். எடு என்றேன். "அண்ணன் வந்து சொல்லட்டும். சர்டிபிகேட்டுல அவர் பேருதான இருக்குது." "அவர் பேரு இருக்குதுப்பா. பரீட்சை எழுதினது அவ" என்றேன். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி இன்னா விஷயம் என்று கேட்டாள், சொன்னேன். இன்னொருத்தி கேட்டாள், அவளுக்கும் சொன்னேன். நாலாவது பெண்ணுக்குச் சொல்லும்போது பாபு உள்ளேயிருந்து உறையைக் கொண்டுவந்து மடியில் போட்டான். "போய்த் தொலைங்கக்கா." கடைத்தெருவில் பூத் பிடித்து உன் நைனாவுக்குச் சொன்னேன். கத்தினார். முடிக்கும்வரை கேட்டேன். "தோத்துட்டான்னா?" என்றார். "தோத்துட்டா கூட்டிக்கினு வரேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். சர்டிபிகேட்டையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு உன் கையில் தரப்போகிறேன். பதினொன்றே கால் திருப்பதி பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.